நட்சத்திர மீனின் வயிற்றுக்குள் ஊரி

கேள்வி: எங்கள் ஊர்க் கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மகள் ஒரு நட்சத்திர மீனைப் பொறுக்கிக்கொண்டு வந்து வெயிலில் காய வைத்தாள். காய்ந்த பிறகு ஆட்டினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம். உடைத்துப் பார்த்தோம், உழுந்து அளவில் பதினேழு ஊரியும் (சங்கு போன்ற ஓடுள்ள கடல் நத்தை) மட்டியும்! இதெல்லாம் அதன் குஞ்சுகளா?
— வாசகி, திருக்கோவில்

பதில்: குஞ்சுகள் இல்லை, அது கடைசியாகத் தின்ற சாப்பாடு. பெரும்பாலான நட்சத்திர மீன்கள் முட்டையைக் கடல் நீரில்தான் விடும், அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது.

மகள் எடுத்ததில் கைகளின் விளிம்பு நெடுக சீப்புப் பல் மாதிரி முள் வரிசை இருந்ததா? இருந்திருந்தால் அது அஸ்ட்ரோபெக்டன் இனம். மணல் கடலில் வாழ்வது, பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் நட்சத்திர மீன்கள் சில, பெரிய சிப்பியைக் கால்களால் பிடித்து இழுத்து, ஓடு கொஞ்சம் விலகியதும் தன் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளி, சிப்பிக்குள் விட்டு, அங்கேயே கரைத்துக் குடித்துவிடும். அஸ்ட்ரோபெக்டனால் அப்படிச் செய்ய முடியாது. இதன் குழாய்க் கால்கள் கூர்முனையானவை, உறிஞ்சிப் பிடிக்கும் தட்டு இல்லை, மணலைத் தோண்டத்தான் லாயக்கு. இரைப்பையும் வெளியே வராது. அதனால் வாய்க்குள் போகிற அளவுச் சின்ன ஊரியாகத் தேடி, மணலுக்குள்ளேயே கால்களால் தடவிக் கண்டுபிடித்து, ஓட்டோடு முழுசாக விழுங்குகிறது.

ஊரி என்றதும் நமக்கு வாவிப் பாட்டுத்தான், அதாவது மட்டக்களப்பு வாவியின் நீருக்கடியில் இருந்து பாட்டு மாதிரிக் கேட்கும் சத்தம்தான் நினைவு வரும். 1848இல் மட்டக்களப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்ட, ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்டிடம், அது ஊரி அழுகிற சத்தம் என்றே நம் மீனவர்கள் சொன்னார்கள். ஆனால் மணலுக்குள் கிடக்கும் இந்தக் குட்டி ஊரிகளை யாரும் பார்ப்பதே இல்லை, அவ்வளவு சின்னன். நட்சத்திர மீன்தான் அவற்றைத் தேடிச் சேர்க்கிறது. சங்கு, சிப்பி ஆராய்கிறவர்கள் இதன் வயிற்றைத் திறந்தே பல குட்டி இனங்களை எடுத்திருக்கிறார்கள். உங்கள் மகள் கையில் இருப்பது அப்படி ஒரு சேகரிப்பு, தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம்.

விழுங்கியதும் சாப்பாடு முடிந்துவிடாது. மட்டி ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும், ஊரி தன் வாசல் மூடியை இழுத்து அடைத்துக்கொள்ளும். செரிமான நீர் உள்ளே போகாது. சில மட்டிகள் வயிற்றுக்குள்ளேயே நாள்கணக்கில் உயிரோடு தாக்குப்பிடிக்கும், கடைசியில் மூச்சு முட்டித் திறக்கும்போதுதான் சதை கரையும். வெறும் ஓடு எங்கே போகும் என்று கேட்பீர்கள். இந்த இனத்துக்குக் கழிவு வாயில் கிடையாது, வந்த வழியாகவே, வாயாலேயே துப்பிவிடும். மகள் எடுத்தது துப்புவதற்கு முன் வலையில் அகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்தப் பதினேழையும் கழுவி ஒரு கறுப்புத் துணியில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். நட்சத்திர மீன் தின்ற ஓட்டில் உடைவோ துளையோ இருக்காது. கரையில் பொறுக்குகிற சிப்பியில் ஊசியால் குத்தினாற்போல் வட்டமான துளை இருந்தால் அது வேறு கதை: அதைத் தின்றது இன்னொரு ஊரி, நாக்கால் அரைத்து அரைத்து ஓட்டைத் துளைத்திருக்கிறது.