ஸ்டைலிஸ்டிக்ஸ் பாட்டைப் பாடி வெளியிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கேள்வி: பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் ஐந்து பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் பாடிப் பழகுகிறோம். மற்ற நால்வரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'ஸ்டைலிஸ்டிக்ஸ்' குழு 1971-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்து 'யூ ஆர் எவ்ரிதிங்', 'பெட்சா பை காலி, வாவ்', 'பீப்பிள் மேக் த வேர்ல்ட் கோ ரவுண்ட்' ஆகிய மூன்றையும் பதிவுசெய்து, 200 சிடி போட்டு ஒரு மருத்துவ உதவி நிதிக்காக விற்க ஆசை. ஸ்பாட்டிஃபை, யூடியூபிலும் ஏற்ற வேண்டும். ஒரு பாட்டின் நடுவே நான் நாலு வரி தமிழில் பாடுவதாகவும் திட்டம். ஏஜென்ட் ஒருவர், "குழுவிடமே எழுத்தில் அனுமதி வாங்கித் தருகிறேன், 1,800 டாலர். 'பெட்சா' பாட்டைப் பாடகர் பிரின்ஸ் மாதிரி பாடினால் அவருடைய எஸ்டேட்டுக்கு, அதாவது மறைந்த அவரது சொத்தை நிர்வகிப்பவர்களுக்கு, தனியாகக் கொடுக்க வேண்டும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் அனுமதி உங்களுக்குத் தேவையே இல்லை. உங்களுக்கு உண்மையில் தேவையான அனுமதி அவர் பட்டியலில் இல்லவும் இல்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. இன்னொன்று, அதை ஒருநாள் ஸ்டுடியோவில் பாடிப் பதிவுசெய்த ஒலி. நீங்கள் கேட்டு வளர்ந்த அந்த ஒலி பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் உருவாகி, அவ்கோ கம்பெனி வழியாக வெளிவந்தது. குழுவின் முதன்மைப் பாடகர் ரஸ்ஸல் தாம்ப்கின்ஸ் ஜூனியர் உச்சத்தில் பாடும் அந்த மெல்லிய 'ஃபால்செட்டோ' குரல் அதில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த ஒலியைத் தொடப்போவதில்லை. உங்கள் தொண்டையில், உங்கள் வாத்தியத்தில் புதிதாகப் பாடப்போகிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது பாட்டின் அனுமதி மட்டும்தான். நீங்கள் சொன்ன மூன்று பாட்டுகளுக்கும் இசை தாம் பெல், வரிகள் லிண்டா கிரீட். பாடிய குழுவுக்கு இந்தப் பாட்டுகளின் மேல் அனுமதி தரும் உரிமை கிடையாது. இல்லாத உரிமையை அவர்கள் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்?

அதோடு, "குழுவிடம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் குழு என்று கேளுங்கள். தாம்ப்கின்ஸ் 2000-ல் விலகிப் பிறகு 'நியூ ஸ்டைலிஸ்டிக்ஸ்' என்று தனியாக ஆரம்பித்தார். ஏரியன் லவ், ஹெர்ப் மரல் இருவரும் பழைய பெயரிலேயே தொடர்ந்தார்கள். இந்தக் குழப்பம் ஏஜென்டுகளுக்கு நல்ல வசதி. தங்க முத்திரை குத்தி, யாரோ ஒரு பாடகர் கையெழுத்தோடு 'லைசென்ஸ்' என்று தலைப்பிட்ட ஒரு காகிதத்தை ஒரு தம்பதியர் என்னிடம் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் முன்னால் அது வெறும் ஆட்டோகிராஃப். மகன் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணத்திலிருந்து அதற்குக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிரின்ஸ் விஷயமும் அப்படித்தான். அவர் 1996-ல் 'இமான்சிபேஷன்' ஆல்பத்தில் 'பெட்சா'வைப் பாடினார், அழகாகவே பாடினார். ஆனால் பாட்டு பெல்–கிரீட் பாட்டாகவேதான் இருந்தது. அவருடைய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டாத வரை அவர் எஸ்டேட்டுக்கு ஒரு காசு தர வேண்டாம். இந்தப் பாட்டுக்கு ஸ்டைலிஸ்டிக்ஸுமே முதல் ஆள் இல்லை. 1970-ல் கான்னி ஸ்டீவன்ஸ் 'கீப் குரோயிங் ஸ்ட்ராங்' என்ற வேறு தலைப்பில் இதைப் பாடி வெளியிட்டுவிட்டார். டயானா ராஸும் மார்வின் கேயும் 1973-ல் 'யூ ஆர் எவ்ரிதிங்' பாடினார்கள். பதின்வயது மைக்கேல் ஜாக்சன் 1972-லேயே 'பீப்பிள் மேக்' பாட்டைப் பாடினார். மில்ட் ஜாக்சன் அதை ஒரு வரிகூடப் பாடாமல் வைப்ரஃபோன் என்ற உலோகப் பட்டை வாத்தியத்தில் வாசித்தார். இவர்களில் யாருடைய பாணி உங்களுக்குப் பிடித்திருந்தாலும் உரிமைக்காகப் போய் நிற்க வேண்டிய வாசல் ஒன்றே: பெல்–கிரீட் பாடல்களை நிர்வகிக்கும் பப்ளிஷர்.

அந்த வாசலில் "மாட்டேன்" என்ற பதில் கிடையாது. மக்களுக்குத் தெரிய வேண்டியதும், ஏஜென்டுகள் சொல்லாமல் மறைப்பதும் இதுதான். அமெரிக்கச் சட்டத்தில் 'கட்டாய உரிமம்' என்று ஒன்று 1909 முதல் இருக்கிறது. தானியங்கி பியானோவுக்கான காகிதச் சுருள்களை ஒரே கம்பெனி வளைத்துப் போட்டுவிடுமோ என்ற பயத்தில் வந்த ஏற்பாடு அது. ஒரு பாட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை ஒலிப்பதிவாக வெளிவந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து வெளியிடலாம். முறைப்படி அறிவித்து, சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். பிரின்ஸே 2011-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இந்த ஏற்பாட்டைப் பற்றி மனக்குறைப்பட்டார். தன் பாட்டை மற்றவர்கள் எடுத்துப் பாடுவதைத் தன்னால் தடுக்க முடியவில்லையே என்பது அவர் வருத்தம். அவராலேயே தடுக்க முடியாததை யாராலும் தடுக்க முடியாது.

தொகை எவ்வளவு? 2025-ம் ஆண்டு விகிதம், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டு ஒன்றுக்கு, ஒரு பிரதிக்கு 12.7 சென்ட்டாக இருந்தது. விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். அந்த விகிதத்தில் 200 சிடி என்றால் ஒரு பாட்டுக்கு 25 டாலர் 40 சென்ட். மூன்று பாட்டுக்கும் சேர்த்து 76 டாலர் 20 சென்ட். அந்த 1,800-ஐ இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு கவனம்: 'பீப்பிள் மேக்' பாட்டின் ஆல்பம் வடிவம் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கு ஆரம்பித்துவிடும். குப்பை அள்ள ஆள் வரவில்லை, பஸ் ஓடவில்லை என்று ஊர்க் கஷ்டத்தைச் சொல்லி முடித்த பிறகு வரும் நீண்ட வாத்தியப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், நாலரை நிமிடத்தில் அடங்கும்.

எங்கே கட்டுவது என்பதில்தான் எனக்கு அரசாங்கத்தின் மேல் கோபம். சட்டத்தை அப்படியே பின்பற்றினால், சிடி அச்சடித்த 30 நாளுக்குள், அதுவும் விற்பனைக்கு விடுவதற்கு முன்பே, பப்ளிஷருக்கு அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு மாதா மாதம் 20-ம் தேதிக்குள் கணக்கும் பணமும் அனுப்ப வேண்டும். வருடக் கடைசியில் தணிக்கையாளர் சான்றளித்த கணக்கு வேறு. 76 டாலருக்கு! அந்தத் தணிக்கையாளர் கேட்கும் கட்டணம் இந்தத் தொகையைப்போல் பல மடங்கு வரும். பெரிய இசைக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய விதியை ஐந்து நண்பர்கள் தலையில் கட்டுகிறார்கள். இத்தனை வருடமாகியும் சிறிய ஆட்களுக்கென்று ஒரு பக்கப் படிவத்தை இவர்களால் கொண்டுவர முடியவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான். அதனால் பப்ளிஷரிடம் நேரடியாகப் போகாமல், பப்ளிஷர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சி நடத்தும் 'சாங்ஃபைல்' என்ற சேவையைப் பாருங்கள். 2,500 பிரதி வரை சிறு அளவில் அச்சடிப்பவர்களுக்கானது. பாட்டைத் தேடி, எண்ணிக்கையைப் போட்டு, அந்த விகிதத்தில் மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிடலாம். பாட்டுக்கு ஒரு சிறிய நடைமுறைக் கட்டணம் சேரும். மாதக் கணக்கு அனுப்பும் தொல்லை இல்லை.

தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாதீர்கள், எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இதே ஆல்பத்தில் 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' என்று ஒரு பாட்டு உண்டு. அது பெல்–கிரீட் பாட்டு இல்லை. தாம் பெல் இவர்களிடம் வருவதற்கு முன்பே செப்ரிங் என்ற சிறிய லேபிளில் வந்தது. அச்சு அசலாக அதே தலைப்பில் பாப் டிலனுக்கும் 1975-ல் ஒரு பாட்டு இருக்கிறது. நாளைக்கு அந்தப் பாட்டையும் சேர்க்கலாம் என்று உங்கள் நண்பர்கள் சொன்னால், அவசரத்தில் டிலன் பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2018-ல் வந்த இசை நவீனமயச் சட்டப்படி, 2021 ஜனவரி முதல் பாட்டுக்கான பங்கை அந்தச் சேவைகளே ஒரு பொது அமைப்பிடம் கட்டிவிடுகின்றன. பாட்டை ஏற்றிவிடும் விநியோகஸ்தர் "இது கவர் பாட்டா?", அதாவது பிறர் பாட்டைப் புதிதாகப் பாடியதா, என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லி, எழுதியவர் இடத்தில் இருவர் பெயரையும் பிழையில்லாமல் போடுங்கள். பாடகர் இடத்தில் உங்கள் குழுவின் பெயர் மட்டுமே வர வேண்டும். அங்கே 'ஸ்டைலிஸ்டிக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால் பாட்டைத் தூக்கிவிடுவார்கள்.

யூடியூப் வேறு கதை. ஒலியோடு படம் சேர்ந்தால் கட்டாய உரிமம் செல்லாது, பப்ளிஷர் சம்மதம் வேண்டும். நடைமுறையில் பெரிய பப்ளிஷர்களோடு யூடியூபுக்கு ஒப்பந்தம் இருப்பதால், பெரும்பாலும் உங்கள் வீடியோவில் ஒரு 'கிளைம்' விழும், விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகும், வீடியோ அப்படியே இருக்கும். கிளைம் வந்த அன்றே உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரலாம்: "உங்கள் சேனல் மூடப்படப் போகிறது, 300 டாலர் கொடுத்தால் நீக்கித் தருகிறேன்." கிளைம் வேறு, சேனலையே மூடும் அளவுக்குப் போகக்கூடிய எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு. அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் தமிழ் வரிகள். இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும், ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லாத இடமும் இதுதான். கட்டாய உரிமம் பாட்டை உங்கள் பாணிக்கு ஏற்ப வாசித்துக்கொள்ள இடம் தருகிறது. சுருதியை மாற்றலாம், தாளத்தை மெதுவாக்கலாம், 'யூ ஆர் எவ்ரிதிங்' தொடக்கத்தில் வரும் அந்த மின் சிதாரை எடுத்துவிட்டு வீணை வைக்கலாம். ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றக் கூடாது. வரிகளை வேறு மொழிக்குக் கொண்டுபோவது வெறும் பாணி மாற்றம் ஆகாது. அது அந்தப் பாட்டிலிருந்து பிறக்கும் புதுப் படைப்பு. அதற்கு அனுமதி தருவதும் மறுப்பதும் பப்ளிஷர் விருப்பம். விலைக்கும் உச்சவரம்பு கிடையாது.

"நாலே வரிதானே" என்பீர்கள். ஒரு வரியானாலும் அப்படித்தான். "மொழிபெயர்ப்பு இல்லை, நானே புதிதாக எழுதியது" என்றாலும் அதே மெட்டில் உட்காரும் வரிகள் என்றால் அப்படித்தான். தர்மக் காரியத்துக்கு என்றாலும் மாற்றம் இல்லை. பப்ளிஷர் சம்மதித்தாலும், நீங்கள் எழுதிய தமிழ் வரிகளின் உரிமை முழுவதும் தனக்கே என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படியுங்கள். அனுமதி இல்லாமல் சேர்த்துவிட்டால் அந்த நாலு வரியோடு விஷயம் நிற்காது. கட்டாய உரிமத்தின் எல்லையை மீறியதாக முழுப் பதிவுக்கும் பாதுகாப்புப் போய்விடும். நீங்கள் கட்டிய 25 டாலரும் உதவாது.

தமிழ் கட்டாயம் வேண்டுமென்றால் பாட்டை முழுசாக ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, அடுத்த டிராக்காக உங்கள் சொந்த மெட்டில், சொந்த வரியில் ஒரு நிமிடம் பாடுங்கள். அது முழுக்க உங்கள் சொத்து. சிடியில் இரண்டும் அடுத்தடுத்து ஓடும், கேட்பவருக்கு ஒரே மூச்சில் வந்ததாகவே இருக்கும். மின்னஞ்சல் போட்டுக் கேட்டும் பார்க்கலாம், ஆனால் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். 200 சிடிக்காரருக்குப் பதில் எழுத அங்கே யாருக்கும் நேரமில்லை.

பின்னணி வாத்தியத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய பதிவிலிருந்து குரலை மட்டும் நீக்கிவிடும் மென்பொருள்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. "1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் காப்பிரைட் இல்லை, இந்த ஆல்பம் 1971, அதனால் எடுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். முன்பு அவற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு இல்லை, மாநிலச் சட்டங்கள் இருந்தன. 2018 சட்டம் அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டது. இந்த ஆல்பத்தின் ஒலிக்குப் பாதுகாப்பு 2067 பிப்ரவரி 15 வரை. கடையில் வாங்கும் கரோக்கி டிராக்கும் வீட்டில் பாடத்தான், சிடியில் விற்கத் தனி அனுமதி வேண்டும். பியானோ வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

லிண்டா கிரீட் 1986-ல் 37 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். தாம் பெல் 2022 டிசம்பரில் மறைந்தார். நீங்கள் கட்டும் 76 டாலரில் எழுதியவர்களுக்கான பங்கு அவர்கள் வாரிசுகளின் பக்கம் போகும். ஏஜென்டுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு சென்ட்கூடப் போயிருக்காது.

முன்பணம் ஏதும் ஏற்கெனவே கார்டில் கட்டியிருந்தால், ஏஜென்ட் அனுப்பிய செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே வங்கியில் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு நாள் உண்டு. பணமாகக் கொடுத்திருந்தால், அவர் எழுதித் தந்த காகிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.