விண்டோவுக்குள் ஒரு கண்

கேள்வி: 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லில் 'விண்ட்' காற்று என்பது புரிகிறது. மிச்சமிருக்கும் 'ஓ' என்ன? கதவைக் குறிக்கும் 'டோர்' தேய்ந்து 'டோ' ஆகிவிட்டது என்கிறார்களே?

பதில்: கதவு இல்லை, கண். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'விண்டவ்கா' என்றொரு கூட்டுச்சொல். அதில் 'அவ்கா' என்றால் கண். 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளோடு வந்த சொல் இது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் எழுத்தில் கிடைக்கிறது. அன்றைய ஜன்னல் கண்ணாடி இல்லாத வெறும் திறப்பு. காற்று உள்ளே வரும், அடுப்புப் புகை வெளியே போகும்.

'கா' எப்படி 'ஓ' ஆனது? இடைக்கால ஆங்கிலத்தில் சொல் நடுவே வந்த ககர ஒலி பல இடங்களில் வகரமாக நெகிழ்ந்தது. வில்லைக் குறித்த 'போகா' இன்று 'போ' என்று ஒலிப்பதும் அப்படித்தான். போதாததற்கு, விண்டோவில் அழுத்தம் முழுக்க முதல் அசையில். இரண்டாவது அசை தேயாமல் என்ன செய்யும்? இன்றைய உச்சரிப்பை வைத்துப் பிரித்தால் 'டோர்' மாதிரிதான் தெரியும். பழைய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால்தான் சொல்லின் மூட்டு கைக்கு அகப்படும்.

இதற்கு முன் ஆங்கிலேயர்களிடம் 'கண் துளை' என்ற பொருளில் சொந்தச் சொல்லே இருந்தது. வந்தது அதை விரட்டிவிட்டது. ஆனால் அதில் துளையைக் குறித்த பகுதி, மூக்குத்துளையான 'நாஸ்ட்ரில்' என்பதன் வாலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் சொல்லும் 'ஜன்னல்' போர்த்துகீசியச் சொல். சிலப்பதிகாரத்தில் வருவது 'மான்கட் காலதர்': கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி; மானின் கண் போன்ற துளைகள் உள்ள ஜன்னல். காற்று, கண் இரண்டும் இங்கேயும் உண்டு! இரண்டு சொற்களுக்கும் ரத்த உறவு கிடையாது என்பதுதான் இதில் அழகு.

கேள்வி: 'கப்போர்ட்' என்று எழுதிவிட்டு 'கபர்ட்' என்கிறார்களே, ஏன்?

பதில்: 'கப்' என்பதன் கடைசி ஒலி, 'போர்ட்' என்பதன் முதல் ஒலி, இரண்டுமே உதடுகளை மூடித்தான் பிறக்கின்றன. அடுத்தடுத்து இரண்டு முறை மூட வாய்க்குச் சோம்பல், முந்தையது விழுங்கப்பட்டது. 'போர்ட்' அன்று மேசையையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் 'கப்போர்ட்' என்பது கிண்ணங்களை எடுப்பாக வைத்துக்காட்டிய மேசைதான். கதவு போட்டு மூடியது பிறகு.