பழைய வாட்சுக்கு ஸ்பேர் கிடைக்காவிட்டால் அந்தப் பாகத்தைக் கையாலேயே செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனால் எந்தப் பாகம் என்று முதலில் பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும் பழைய வாட்ச், முள்ளைத் திருப்ப அதன் பக்கத்துத் திருகான கிரவுனை இழுத்தால் அந்த இடத்தில் நிற்பதில்லை, ரிப்பேர் செய்பவர் 'இதற்கெல்லாம் ஸ்பேர் வராது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக செட்டிங் லீவர் ஸ்பிரிங் உடைந்திருக்கும்; கிரவுனோடு நகரும் லீவரை அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் மெல்லிய தகடு அது. கிரவுனை இழுக்கும்போது 'டக்' என்று ஒரு பிடிப்பு தெரியுமே, அது இந்தத் தகட்டின் வேலைதான். ஸ்பேர் வராது என்று அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். 1970களில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து அடித்த அடியில் வாட்ச் இயந்திரம் செய்த சுவிஸ் கம்பெனிகள் பல காணாமல் போய்விட்டன.

நான் தொழில்காரன் இல்லை, பொழுதுபோக்காகச் செய்பவன். நான் முதலில் செய்ததும் இதே பாகம்தான்.

டயலைக் கழற்றினால்தான் இது கண்ணுக்கே தெரியும். அதற்கு முன் ஒன்று: முள்ளிலோ எண்களிலோ இருட்டில் ஒளிரும் பழைய பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள். 1960கள் வரை வந்த வாட்சுகளில் அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நின்றிருக்காது. அந்தத் தூள் மூச்சில் போகவே கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். உடைந்த துண்டுகளின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கனத்தில் கார்பன் ஸ்டீல் தகடு எடுங்கள். துண்டுகளை அதன்மேல் சூப்பர் குளூவால் பொருத்தி ஒட்டிவிட்டால் வரைபடமே தேவையில்லை. ஸ்க்ரூ ஓட்டையை முதலில் போட்டுவிடுங்கள். வடிவத்தை வெட்டிய பிறகு ஓட்டை போடப் போனால், டிரில் மாட்டி இழுத்து அத்தனை உழைப்பையும் வளைத்துவிடும். அப்புறம் நகை வேலைக்காரர்களின் மெல்லிய ரம்பத்தால் ஒட்டிய துண்டின் ஓரத்துக்குச் சற்று வெளியே அறுத்து, ஓரம் வரை அரத்தால் ராவ வேண்டும். லீவரின் முனை வந்து உட்காரும் அந்த இரண்டு பள்ளங்களில்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் ராவுவது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி ராவுவது. எனக்கு அதற்கே ஒரு மாலை போனது.

வடிவம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அது பாதிகூட இல்லை. கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்களே, அதுதான் மீதி. தகட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் அரம் வழுக்கும் அளவுக்குக் கடினமாகும், கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடும். நான் அப்படியே எடுத்து மாட்டினேன். கிரவுனை ஒரே முறை இழுத்தேன், மூன்று துண்டு.

கடினமாக்கிய பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, பித்தளைத் தூள் நிரப்பிய சின்னத் தட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஏறி, ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் நல்ல நீலம் வரும். அந்த நொடியில் எடுத்துவிடுங்கள். தாண்டிப் போனால் சாம்பல் நிறமாகி ஸ்பிரிங் குணம் போய்விடும். இதெல்லாம் வேண்டாம் என்றால், ஏற்கெனவே நீலம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டிலேயே வெட்டலாம். அரம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

இது வந்துவிட்ட தைரியத்தில் பேலன்ஸ் ஸ்டாஃபில் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு அது, லேத்தில் கடைய வேண்டும். அதன் முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மணிக்கு 18,000 அதிர்வு என்றால் ஒரு நாளைக்கு 4,32,000 தடவை அந்த முனை இப்படியும் அப்படியும் சுழல வேண்டும். ஒன்பது அச்சுகளைக் கெடுத்த பிறகுதான் பத்தாவது நின்றது. சிலது கடையும்போதே 'பிங்' என்று பறந்தன, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பல்சக்கரம் தொலைந்திருந்தால்கூடக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். விநாடி முள்ளின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று, நிமிட முள்ளின் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று, நடுவில் 60 மடங்கு வர வேண்டும் என்று தெரிந்தால் பல்லின் எண்ணிக்கை தானே வந்துவிடும். ஆனால் பல் வெட்ட அதற்கென்று கருவி வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கை நினைக்கவே வேண்டாம். வெப்பத்தால் வாட்சின் வேகம் மாறாமல் காக்க உதவும் நிக்கல் ஸ்டீல் கலவைகளின் தனிக் குணத்தைக் கண்டுபிடித்ததற்காக கியோம் என்ற இயற்பியலாளருக்கு 1920இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த உலோகத்தை நம் மேஜையில் உருக்க முடியாது. அதே மாடலில் ஓடாத வாட்ச் ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுப்பதுதான் வழி.

ஒரு சந்தேகம். வாட்சைத் திருப்பி வாங்கும்போது உடைந்த துண்டுகளையும் கேட்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், அவர் மேஜையைத் துடைப்பதற்குள்.