இரண்டு சப்வூஃபர், ஒரு ஆம்ப்: வயரை எப்படிக் கொடுப்பது?

காரில் இரண்டு 4 ஓம் சப்வூஃபரை (பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) ஒரு மோனோ ஆம்ப்பில் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்ளிஃபயர்) எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் வாட்ஸைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் ஓமை, அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையைப் பாருங்கள்.

ஆம்ப்பின் பிளஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கும், மைனஸிலிருந்து இரண்டின் மைனஸுக்கும் வயர் போனால் அது பேரலல். மொத்தம் 2 ஓம். ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸில் கொடுத்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளை ஆம்ப்பில் மாட்டினால் சீரிஸ், 8 ஓம். ஓம் குறைந்தால் பவர் கூடும். ஆகவே உங்கள் ஆம்ப் 2 ஓம் தாங்கும் என்றால் பேரலலே போதும். தாங்காது என்றால் வேண்டவே வேண்டாம், சூடாகி அணைந்துவிடும், சமயத்தில் புகையும்.

ஒரு ஸ்பீக்கரிலேயே நான்கு முனைகள் இருக்கிறதா? அது இரட்டை வாய்ஸ் காயில், அதாவது உள்ளே இரண்டு கம்பிச் சுருள். அப்படிப்பட்ட இரண்டு ஸ்பீக்கரின் நான்கு 4 ஓம் காயிலையும் பேரலலாகக் கட்டினால் 1 ஓமுக்கு இறங்கிவிடும். ஸ்பீக்கருக்குள் சீரிஸ், அப்புறம் இரண்டு ஸ்பீக்கருக்கும் பேரலல் என்று கொடுத்தால் 4 ஓம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளஸ் வயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும், வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். ஆம்ப்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் கிரவுண்ட் வயரை நான் ஒருமுறை பெயிண்ட் மேலேயே முடுக்கிவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஙொய்யென்று ஒரு சத்தம். வெள்ளைத் தகடு தெரியச் சுரண்டி மாட்டியதும் நின்றது.

எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் சப்பென்று இருந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.