ஆயில் விளக்கு எரிந்த பின் 12 கி.மீ. ஓடிய கார்: வேறு இன்ஜின்தான் வழியா?

கேள்வி: 2015-ல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 88,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கடைசி சர்வீஸ் செய்து 9,000 கி.மீ. ஆகிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும்போது விழுப்புரம் தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது என்பதால் அடுத்த பங்க் வரை, சுமார் 12 கி.மீ., ஓட்டிவிட்டேன். கடைசியில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது, பங்க் வாசலில் இன்ஜின் நின்றுவிட்டது. ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் 'இன்ஜின் ஜாம், வேறு இன்ஜின்தான் போடணும்' என்கிறார்கள். வேறு வழி உண்டா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முதலில், இனி யாரும் அந்தச் சாவியைத் திருப்ப வேண்டாம். 'கியரில் போட்டுத் தள்ளிப் பார்ப்போம்' என்று யாராவது முன்வந்தாலும் உறுதியாக மறுத்துவிடுங்கள். உருகி ஒட்டியிருக்கும் பேரிங்கை (கிராங்க் சுற்றும் மெல்லிய உலோகத் தாங்கி) வெளியிலிருந்து இழுத்துச் சுற்றினால், பேரிங்கோடு நிற்க வேண்டிய சேதம் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்குக்கும் அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் பரவும். ராடு உடைந்து பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடலில், ஓட்டை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை.

வேறு இன்ஜின் என்ற முடிவை இப்போதே எடுக்கத் தேவையில்லை. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பும் ஊகம்தான். அந்த 'டக்' சத்தத்துக்கே நாலைந்து காரணங்கள் இருக்கின்றன: பேட்டரி இறங்கியிருக்கலாம், செல்ஃப் மோட்டார் போயிருக்கலாம், ஆல்டர்னேட்டரோ ஏ.சி. கம்ப்ரசரோ இறுகி பெல்ட் வழியாக இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் இன்ஜின் இறுகியிருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆனாலும் மற்றவற்றை விலக்க அரை மணி நேரம் போதும்.

அதைச் செய்யும் முறை இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பெல்ட்டை எடுத்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிட்டால் உள்ளே காற்றழுத்தம் இருக்காது. பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் புல்லிக்கு எதிரே நின்று பார்த்தால் அது கடிகாரச் சுற்று. நல்ல நிலையில் உள்ள சிறிய இன்ஜின் ஒரு அடி நீளக் கைப்பிடிக்கே வழவழவென்று சுற்றும். இரண்டடி கம்பியில் ஓர் ஆள் பலம் கொடுத்தும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைப்பது, வெள்ளத்தில் நின்று பிஸ்டன் துருப்பிடித்த வண்டிக்கான வைத்தியம். உருகிய பேரிங்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சுற்றினால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்ட அலுமினிய பிஸ்டன், ஆறியதும் தானே விட்டுவிடும். 'மறுநாள் ஸ்டார்ட் ஆயிடுச்சு' என்று ஓட்டிப்போன வண்டிகள் சில நூறு கிலோமீட்டரில் ராடு உடைந்து நிற்பது இதனால்தான். இன்னொன்று: கிராங்க் சுற்றும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கேமும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கூடவே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கேம் இறுகி, அதைச் சுற்றும் செயின் அறுந்திருக்கிறது, வால்வுகளும் வளைந்திருக்கலாம்.

கேமைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயில் பம்ப் இருப்பது இன்ஜினின் அடியில், கேம் இருப்பது உச்சியில். அழுத்தம் குறைந்தால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். போதாததற்கு, பல சிறிய பெட்ரோல் கார்களில் கேமுக்குத் தனி பேரிங்கே கிடையாது, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டிலேயே நேரடியாகச் சுற்றுகிறது. அங்கே கீறல் விழுந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டிவரும். ஆனால் ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டுகளில் கிராங்க் பற்றி ஒரு பக்கம் இருக்கும், ஹெட் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வால்வு கவரைத் திறந்து, கேம் கேப்புகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கீழே நடந்தது இன்னும் கடுமையானது. கிராங்கும் அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுகின்றன, நடுவே 0.02 முதல் 0.05 மி.மீ. இடைவெளி, அதில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலம். அந்தப் படலம் போனால் உலோகம் உலோகத்தில் உரசும். 80 கி.மீ. வேகத்தில் 12 கி.மீ. என்றால் 9 நிமிடம். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தால் 22,500 சுற்றுகள். பேரிங்கின் மேல் பூச்சு முதலில் வழிந்தோடும், பிறகு இடைவெளி கூடி ராடு கிராங்கை அடிக்கும். நீங்கள் கேட்ட 'டொக் டொக்' அதுதான். டெம்பரேச்சர் முள் நடுவில் இருந்ததை நம்பியதில் உங்களைக் குறை சொல்ல முடியாது. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை மட்டும். பேரிங் எரிந்துகொண்டிருக்கும்போதும் அது அசையாமல் இருக்கும்.

அடுத்து, உள்ளே இருக்கும் ஆயிலை அளவு போட்ட டப்பாவில் வடிக்கச் சொல்லுங்கள். யாரும் கேட்காத, ஆனால் மிகவும் முக்கியமான கணக்கு இது. வடிந்ததில் நீங்கள் ஊற்றிய 1.5 லிட்டரைக் கழித்தால், வண்டி நின்றபோது எவ்வளவு இருந்தது என்று தெரியும். ஃபில்டரில் கொஞ்சம் தங்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினின் கொள்ளளவு 3.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான் இருக்கும். ஆக, கீழ்க்கோட்டில் சுமார் 2.2 லிட்டர். மீதி இருந்தது ஒரு லிட்டருக்கும் குறைவு என்றால் ஆயில் பற்றாக்குறைதான் காரணம். 2 லிட்டருக்கு மேல் இருந்திருந்தால் கதையே வேறு: ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடை) அடைப்பு, பம்பின் ரிலீஃப் வால்வு (கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றுவது) திறந்தபடி சிக்கியது, அல்லது சம்ப் அடிபட்டு உள்வாங்கி ஸ்ட்ரெய்னரின் வாயை மூடியது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பேரிங் போட்டால் அதுவும் எரியும்.

வடித்த ஆயிலைக் கொட்டிவிடாமல் வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பளபளக்கும் துகள்கள் நிறைய இருந்தால் பேரிங் போயிருக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சைத் தாண்டி அடியடுக்கு வரை தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் கிராங்க், பிஸ்டன் ரிங்ஸ், சிலிண்டர் போன்ற இரும்புப் பாகங்களுடையது. ஒட்டாதது பேரிங், பிஸ்டன் அல்லது ஹெட்டின் அலுமினியம்.

இன்ஜின் தடையில்லாமல் சுற்றி, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) எடுத்து மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு டொக் சத்தம் கேட்டிருப்பதால் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று தோன்றவில்லை. சம்ப் இறங்கியாக வேண்டும்.

சம்ப் இறங்கியதும் ஒவ்வொரு ராடு கேப்பாகக் கழற்றி, கிராங்க் ஜர்னலின் (பேரிங் சுற்றியிருக்கும் வழவழப்பான பகுதி) குறுக்கே நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் சிக்கினால் கிரைண்டிங் தேவை. எமரி தாளால் தேய்த்துப் புது பேரிங் போட்டுத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையால் தேய்த்த ஜர்னல் வட்டம் கெட்டுவிடும், பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும். முறையான வழி, மைக்ரோமீட்டரால் அளந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து கிரைண்டிங் செய்து, அதே அளவுக்குரிய பேரிங் போடுவது. சில மாடல்களுக்கு இப்படிக் குறைத்த கிராங்குக்கான அண்டர்சைஸ் பேரிங் கிடைப்பதில்லை. அப்படியானால் கிராங்கையே மாற்ற வேண்டும். கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே பேரிங் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பேரிங் தன் இடத்தில் சுழன்றிருந்தால் அந்த ராடும் வீண். நீலம் பாய்ந்த ராடைத் திரும்பப் போடவே கூடாது.

ஓவர்ஹால் செய்த இன்ஜின் இரண்டாம் முறை போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஆயில் ஓடும் துளைகளில் பழைய உலோகத் தூள் தங்கிவிடுகிறது. பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டு, பிரஷர் கொடுத்துக் கழுவ வேண்டும். ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், செயின் டென்ஷனர் ஆகியவை புதிதாக வர வேண்டும். இறுக்கும்போதே நீண்டுவிடும் வகை போல்ட்டுகளும் அப்படியே. பழைய பம்ப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தூளை எல்லாம் முதலில் விழுங்கியது அதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், பிளக் இல்லாமலும் பெட்ரோல் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றியும், பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடித்து விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் துளையில் மீட்டர் மாட்டி அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ஐடிலில் சுமார் 1 பார், 3,000 ஆர்.பி.எம்.மில் 3 பார் சுற்றுவட்டாரத்தில் வந்தால் பெரும்பாலான கார்களுக்குச் சரி. சரியான எண் மேனுவலில் இருக்கும். முதல் 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கிராங்க், ஹெட், இரண்டு ராடு எல்லாம் சேர்ந்து போயிருந்தால், நல்ல செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மலிவாக முடியலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் வாங்கும்போது வால்வு கவரைத் திறந்து கருப்புக் கசடு இருக்கிறதா, கம்ப்ரஷன் எவ்வளவு என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும் கட்டாயம் வாங்குங்கள். உங்கள் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். பதியாத வண்டியை விற்கவும் முடியாது, விபத்து நேர்ந்தால் கிளெய்மிலும் சிக்கல்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். வழக்கமான பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்காது. ஒரே விதிவிலக்கு, கல்லிலோ வேகத்தடையிலோ சம்ப் அடிபட்டு ஆயில் கொட்டியிருந்தால். அப்போதும் சம்ப் சேதத்துக்குத்தான் பணம் வரும். அதற்குப் பின் ஓட்டியதால் இன்ஜினுக்கு ஏற்பட்டது தொடர் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள். சம்பில் புது அடி தெரிந்தால், கழற்றும் முன் படம் எடுத்து சர்வேயரை வரவழையுங்கள்.

ஆயில் எங்கே போனது? கீழே சொட்டாமலே போயிருக்கலாம். 1,000 கி.மீ.க்கு 200 மி.லி. மட்டும் எரிக்கும் இன்ஜின் 9,000 கி.மீ.யில் 1.8 லிட்டரைக் குடித்துவிடும். 3.2 லிட்டரில் மிஞ்சுவது 1.4. அந்த அளவில் பிரேக் போட்டாலோ வளைவில் திரும்பினாலோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். விளக்கு முதலில் மினுக்கிக் காட்டுவது அப்போதுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்திருந்தால் வால்வு சீல், மிதிக்கும்போதெல்லாம் வந்திருந்தால் ரிங்ஸ் என்று கொள்ளலாம். புகையே இல்லாவிட்டால் வால்வு கவர் கேஸ்கெட், வடிகால் போல்ட்டின் வாஷர், ஃபில்டரின் ரப்பர், கிராங்க் சீல், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்பேர் முடிந்த பிறகு 500 கி.மீ.க்கு ஒருமுறை, சமதரையில், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று முறை எழுதினாலே குடிக்கும் வேகம் தெரிந்துவிடும்.

சிவப்பு விளக்கு காட்டுவது அழுத்தத்தை, ஆயிலின் அளவை அல்ல. பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகே அது எரியும். அதனால் எரிந்த கணமே காலை எடுத்து, நியூட்ரலில் இடப்பக்கம் ஒதுங்கி இன்ஜினை நிறுத்துங்கள்; வண்டி உருளும்போது சாவியை முழுக்கப் பின்னால் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், கவனம். டிப்ஸ்டிக்கில் ஆயிலே தெரியாவிட்டால் ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள். உங்கள் காருக்கு 5டபிள்யூ-30 எழுதியிருந்தாலும் பங்கில் கிடைக்கும் 20டபிள்யூ-40 அவசரத்துக்குப் போதும், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடலாம். கியர் ஆயிலும், டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயிலும் ஆகாது. ஸ்டார்ட் செய்து ஐந்து விநாடியில் விளக்கு அணையாவிட்டாலோ, அணைந்தும் டொக் சத்தம் இருந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண்ணான 1033-ஐ அழையுங்கள்.