ஒட்டுக்கேட்டது அரசு, உதவியது நிறுவனம், வழக்கு யார் மீது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொலைபேசிக் கண்காணிப்புப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருள் கொண்டவற்றை ஒன்றாக்கி, சட்டம் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன். தமது சொந்த வழக்கின் விபரங்களை எழுதியவர்கள் அவற்றைத் தமது சட்டத்தரணியிடம் பேசிக்கொள்வதே முறை.

யாருடன், எப்போது பேசினேன் என்ற விபரத்தை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொலிஸாரால் பெற முடியுமா? (வெள்ளவத்தை வாசகி)

பேச்சின் உள்ளடக்கம் வேறு, பேச்சைப் பற்றிய பதிவு வேறு. யார் யாரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நின்று அழைத்தார் என்பதே பதிவு. கட்டணம் கணக்கிடுவதற்காக நிறுவனம் அதை எப்படியும் வைத்திருக்கும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சந்தாதாரர் விபரத்தையும் இத்தகைய பதிவுகளையும் சேவை வழங்குநரிடமிருந்து பெறுவதற்கும், தொடர்பாடலையே இடைமறிப்பதற்கும் நீதவானின் ஆணையைக் கேட்கிறது. பெரிய வழக்குகளில், "தொலைபேசி நிறுவனங்களுக்கு நீதவான் உத்தரவு" என்று பத்திரிகைகளில் நீங்கள் வாசிப்பது இத்தகைய நடைமுறையைத்தான்.

அதே பிரிவு ஒரு விதிவிலக்கையும் தருகிறது. விசாரணை அவசரமானது, சான்று அழிந்துபோகக்கூடும், விசாரணையின் இரகசியம் பேணப்பட வேண்டும் என்ற காரணங்களின் பேரில், ஆணையின்றியும் செயற்படலாம். முதல் இரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது மிகவும் தளர்வானது: இரகசியம் தேவைப்படாத பொலிஸ் விசாரணை எது என்று யாராவது காட்டினால் நன்றியுடையவனாவேன்.

2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றியதாக வாசித்தேன். தவறு அரசினுடையது என்றால் நிறுவனங்களை ஏன் காப்பாற்ற வேண்டும்? (தெஹிவளை வாசகர்)

வெளிநாட்டு உளவுக்காக உள்நாட்டில் ஒட்டுக்கேட்பதற்கு ஒரு சிறப்பு நீதிமன்றத்தின் ஆணை வேண்டும் என்று 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர், அந்த நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு செல்வதற்கு ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் தேசிய பாதுகாப்பு முகவரகத்துக்கு அனுமதி கொடுத்தார். 2005 டிசெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அடுத்த மாதமே, எலெக்ட்ரோனிக் ஃப்ரொன்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சார்பில் அந்நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஃபொல்சம் வீதியில் உள்ள நிறுவனக் கட்டடத்தில் 641ஏ என்ற பூட்டிய அறைக்குள் இணையப் போக்குவரத்தின் பிரதியொன்று திருப்பிவிடப்படுகிறது என்று, அங்கு வேலை செய்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் மார்க் க்ளைன் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார்.

2006 ஜூலையில் நீதிபதி வோன் வோக்கர் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். குற்றஞ்சாட்டப்பட்டபடி நடந்திருந்தால், அது சட்டபூர்வமானது என்று அந்த நிலையில் இருந்த எந்த நிறுவனமும் நியாயமாக நம்பியிருக்க முடியாது என்பது அவரது கருத்து. வழக்குகள் ஏறத்தாழ நாற்பதாகப் பெருகின. அப்போதுதான் காங்கிரஸ் குறுக்கிட்டது. பிரதிநிதிகள் சபையில் 293க்கு 129, செனற்றில் 69க்கு 28 என்ற வாக்குகளால் நிறைவேறிய, அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்தத்தில் 2008 ஜூலை 10ஆம் திகதி புஷ் கையொப்பமிட்டார். நிறுவனங்களை வழக்குகளிலிருந்து விடுவிக்கும் அந்த விடுபாட்டை முன்னர் எதிர்ப்பதாகச் சொல்லியிருந்த செனற்றர் ஒபாமாவும் ஆதரவாக வாக்களித்தவர்களில் ஒருவர். ஜனாதிபதியின் அங்கீகாரத்தோடும், சட்டபூர்வமானது என்ற எழுத்துமூல உறுதியோடும் நிறுவனம் உதவியது என்று சட்டமா அதிபர் சான்றளித்தால், வழக்கு முடிந்துவிடும். அந்தச் சான்றைக்கூட நீதிமன்றம் திறந்த மன்றில் அன்றி மறைவிலேயே பார்க்கும்படி செய்யலாம். 2009 ஜூனில், அதே நீதிபதி வோக்கரே வழக்குகளைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. மேன்முறையீடும் தோற்றது; 2012 ஒக்டோபரில் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

விடுபாட்டை ஆதரித்தவர்களின் வாதம் வெறும் சாக்கு அல்ல. தாக்குதல் நடந்து சில வாரங்களில், நாட்டின் தலைவரே எழுத்தில் கேட்கும்போது மறுக்கும் நிறுவனம் எது, அப்படி உதவியவரைத் தண்டித்தால் அடுத்த ஆபத்தில் யார் உதவுவார் என்று அவர்கள் கேட்டனர். ஆனால், ஒட்டுக்கேட்பில் பாதிக்கப்பட்டவருக்குத் தாம் பாதிக்கப்பட்டதே தெரிவதில்லை என்பதையும், அதனால் வாசலில் நின்று ஆணையைக் காட்டு என்று அவருக்காகக் கேட்கக்கூடிய ஒரே தரப்பு நிறுவனம்தான் என்பதையும் அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. குவெஸ்ட் என்ற நிறுவனம் அழைப்புப் பதிவுகளைக் கொடுக்க மறுத்ததாக 2006இல் யுஎஸ்ஏ டுடே எழுதியது. ஆகவே மறுப்பது இயலாத காரியமாக இருக்கவில்லை.

அரசு மீதான வழக்குகளை அந்தத் திருத்தம் தடுக்கவில்லை என்பது உண்மை. அந்த வழியில் 2008 செப்டெம்பரில் தொடுக்கப்பட்ட ஜுவல் வழக்கு, அரச இரகசியம் என்ற சுவரில் மோதி மோதி 2022இல் முடிந்துபோனது. நிறுவனத்துக்கு விடுபாடு, அரசுக்கு இரகசியம் என்ற இரண்டும் சேர்ந்தபோது, பதில் சொல்வதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை.

இலங்கையிலும் அப்படியொரு சட்டம் வரக்கூடுமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

இனி வர வேண்டியதில்லை. கணினிக் குற்றச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழான விசாரணையின் பொருட்டு எந்தத் தரவையோ தகவலையோ வெளிப்படுத்தியதற்காகச் சேவை வழங்குநர் குடியியல் சட்டத்தின் கீழோ குற்றவியல் சட்டத்தின் கீழோ பொறுப்பாளியாகார் என்று ஏற்கனவே சொல்கிறது. அதே பிரிவு, அவ்வாறு தகவல் கேட்கப்பட்டதை நிறுவனம் இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கொடுத்ததற்காக வழக்கில்லை, கொடுத்ததை உங்களிடம் சொல்லவும் கூடாது.

இதனால் இழக்கப்படுவது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியே எழுதப்படவில்லை. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அதை அடிப்படை உரிமையாக அறிவித்தது போன்றதொரு தீர்ப்பை நமது வாசகர்கள் இங்கே எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அதற்கிடையில், அந்தரங்கம் மீறப்பட்டவர் நட்டஈடு கேட்க நம்மிடம் உள்ள பழைய கதவு உரோம-டச்சுச் சட்டத்தின் தீங்கியல் வழக்குத்தான். 24ஆம் பிரிவு நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்தக் கதவைத்தான் சாத்துகிறது.

அவசரகாலத்தில் பாதுகாப்பு இன்னும் தடிப்பானது. 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயலுக்காக எவர் மீதும் வழக்கில்லை; குற்றவியல் வழக்குத் தொடுக்கச் சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பின்னோக்கிய விடுபாடும் நமக்குப் புதிதல்ல. 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இழப்பெதிர்காப்புச் சட்டம் 1977 ஓகஸ்ட் மாதச் செயல்களுக்கு விடுபாடு தந்தது. 1988இல் அந்தக் காலம் அவ்வாண்டு டிசெம்பர் 16 வரை நீட்டப்பட்டது. இடையில் 1983 ஜூலை வருகிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனது கருத்து: நீதவானின் ஆணைக்குப் பணிந்து தகவல் கொடுத்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவது அநியாயம். ஆனால் 24ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை ஆணையோடு கட்டிப்போடவில்லை. விசாரணையின் பொருட்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எழுத்துமூல ஆணையின்படி என்ற சில சொற்களைச் சேர்த்தால், நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு ஆணையைக் கேட்பதில் சொந்த அக்கறை பிறக்கும். அனுமதிப்பத்திரம் அரசின் கையில் இருக்கும்போது அந்த அக்கறை தானாகப் பிறக்காது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் சமூக ஊடகங்களை முடக்கச் சொல்லப்பட்டபோது நிறுவனங்கள் கேள்வியின்றி முடக்கியதை நாம் எல்லோரும் கைப்பேசியிலேயே பார்த்தோம்.

தொலைபேசி நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். அதிகாரி ஒருவர் வாய்மொழியாக ஒரு இலக்கத்தின் விபரத்தைக் கேட்டால் கொடுக்கலாமா? (பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

கொடுக்கக் கூடாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், கடமைக்குப் புறம்பாகச் செய்தியை இடைமறிப்பதையும் வெளிப்படுத்துவதையும் தொலைத்தொடர்பு உத்தியோகத்தர் மீதான குற்றமாகவே வைத்திருக்கிறது. நான் மேலே குறை சொன்ன விடுபாடு கணினிக் குற்றச் சட்டத்தின் கீழான விசாரணைக்கு உரியது. தெரிந்த ஒரு பொலிஸ் அண்ணனுக்குச் செய்யும் உதவிக்கு அது உரியதல்ல. கோரிக்கையை எழுத்தில், விசாரணை இலக்கத்தோடு கேளுங்கள். உங்கள் மேலதிகாரிக்கும் சட்டப் பிரிவுக்கும் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பியதற்கான பதிவை வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தல் வந்தால், "சட்டப் பிரிவுதான் தர வேண்டும், சேர்" என்ற ஒரு வரி போதும்.

எல்லா நாடுகளிலும் கோரிக்கை ஊழியரின் மேசைக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தான் இயங்கும் சில நாடுகளில் அரச முகவரகங்கள் வலையமைப்போடு நேரடியாகவே இணைந்திருப்பதாக வோடபோன் 2014 ஜூனில் வெளிப்படையாக அறிவித்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஆணையைக் கேட்பதற்கு நிறுவனத்துக்குச் சந்தர்ப்பமே இல்லை.

வாட்ஸ்அப்பில் பேசினால் பாதுகாப்புத்தானே? (பம்பலப்பிட்டி வாசகி)

உள்ளடக்கத்தைத் தொலைபேசி நிறுவனத்தால் வாசிக்க முடியாது. 2016 முதல் அது முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகிறது. ஆனால் உங்கள் கைப்பேசியே பொலிஸாரின் கையில் திறந்து கிடந்தால், மறையாக்கத்தால் பயனில்லை.

எனது அடையாள அட்டைப் பிரதியைக் கொண்டு வேறு யாரோ சிம் எடுத்திருந்தால் நான் பொறுப்பாவேனா? (வத்தளை வாசகர்)

சட்டத்தில் குற்றம் செய்தவரே பொறுப்பு. ஆனால் விசாரணை முதலில் வந்து தட்டுவது பதிவில் உள்ள பெயரின் கதவைத்தான். பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட வழக்கில் தொலைபேசிப் பதிவுகளே முக்கியத் தடயமாயின. சந்தேகத்துக்குரிய சிம்கள் ஒரு மலையகத் தமிழரின் அடையாள அட்டையில் வாங்கப்பட்டிருந்தன. அவர் கைதாகி, விளக்கமறியலில் இருக்கும்போதே இறந்துபோனார். ஆகவே கடையில் பிரதி கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக நோக்கத்தையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டு, உங்களுடையதல்லாதவற்றை எழுத்துமூலம் துண்டிக்கச் சொல்லுங்கள்.

என்னை ஒட்டுக்கேட்டார்களா என்று எப்படி அறிவது? (மட்டக்குளி வாசகர்)

நேரடியாகக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பின் பேரில் மறுக்க இடம் தருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தேசிய பாதுகாப்புக்கும் குற்ற விசாரணைக்கும் விலக்குகள் உள்ளன.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கும்படி நான் சொல்வது வழக்கம். என் இலக்கம் கண்காணிக்கப்பட்டதா என்று கேட்பதை விட, கடந்த ஆண்டில் எத்தனை கோரிக்கைகள் வந்தன, அவற்றில் எத்தனை நீதவானின் ஆணையோடு வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன என்று கேளுங்கள். ஒருவரின் பெயரும் வராத எண்ணிக்கையை இரகசியம் என்று மறுப்பது கடினம். பொலிஸ் திணைக்களத்திடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் இதைக் கேட்கலாம். அரசின் அனுமதிப்பத்திரத்தின் கீழ் பொதுச் சேவை வழங்கும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவையின் அளவுக்கு, அச்சட்டத்தின் பகிரங்க அதிகாரசபை என்ற வரையறைக்குள் வருகிறது. அதனால் நிறுவனத்திடமும் விண்ணப்பிக்கலாம்.

கண்காணிக்கப்பட்டதற்கான உறுதியான சான்று கையில் கிடைத்தால், அரசியலமைப்பின் உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அதுவும் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கணக்கில் சேர்ப்பதில்லை. முறைப்பாடு கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.