டாக்டர் ஹூ: அடுத்த சீசன் எப்போது?

கேள்வி: பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் கடைசி எபிசோடில் நாயகன் டாக்டரின் முகம் நடிகை பில்லி பைப்பராக மாறியதே, அவர்தான் புது டாக்டரா? அடுத்த சீசன் எப்போது?

பதில்: டாக்டர் உருமாறி வேறு நடிகரின் முகத்துக்கு மாறுவது இந்தத் தொடரின் வழக்கம்தான். ஆனால் எழுத்தோட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 2025 மே 31 அன்று வந்த அந்த எபிசோடின் முடிவில் 'அறிமுகம்: பில்லி பைப்பர்' என்றுதான் வருகிறது. 'டாக்டராக' என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்த அக்டோபரில், தயாரிப்புக் கூட்டணியிலிருந்து டிஸ்னி பிளஸ் விலகுவதையும், 2026 கிறிஸ்துமஸுக்கு ரஸல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு எபிசோட் வரும் என்பதையும் பிபிசி அறிவித்தது. முழு சீசனுக்கு அப்போது தேதி சொல்லவில்லை.

'அடுத்த மாதமே சீசன்' என்று யாராவது கிளப்பிவிட்டால், படப்பிடிப்பு எப்போது முடிந்தது என்று கேளுங்கள். 2024 மே மாதம் ஒளிபரப்பான சீசனை 2023 கோடையிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். கிராஃபிக்ஸுக்கே மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: அதுவரை பழையதைப் பார்க்கலாம் என்று தேடினால் 'சீசன் 1' என்று மூன்று இருக்கிறதே?

பதில்: ஆமாம், குழப்பம் அவர்கள் செய்ததுதான். 1963, 2005, 2024 என மூன்று முறை எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டைப் போட்டுத் தேடுங்கள். புதியவர்கள் 2005-இன் 'ரோஸ்' எபிசோடில் தொடங்கலாம். ஒரே ஒரு எபிசோட் பார்த்து முடிவு செய்பவருக்கு 2007-இல் வந்த 'பிளிங்க்' போதும். டாக்டர் அதில் கொஞ்ச நேரமே வருவார், முன்கதையும் தேவையில்லை.

பலரும் சறுக்குவது சிறப்பு எபிசோடுகளில். சில தளங்களில் அவை சீசன் வரிசையில் சேராமல் தனியாகக் கிடக்கும். நான்காவது சீசன் முடிந்ததும் நேராக ஐந்தாவதைப் போட்டால் டாக்டராக டேவிட் டென்னன்ட் இருந்த இடத்தில் மேட் ஸ்மித் நிற்பார்! டென்னன்ட் விடைபெறுவது 2009 கிறிஸ்துமஸ் அன்றும் 2010 புத்தாண்டு அன்றும் வந்த 'தி எண்ட் ஆஃப் டைம்' இரு பகுதிகளில். அதேபோல ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே 2013-இன் 'தி டே ஆஃப் தி டாக்டர்', 'தி டைம் ஆஃப் தி டாக்டர்' இரண்டையும் பார்த்தாக வேண்டும். விட்டால் அடுத்த டாக்டரான பீட்டர் கபால்டி எங்கிருந்து வந்தார் என்றே புரியாது.

கேள்வி: 1960-களின் எபிசோடுகள் ஏன் முழுதாகக் கிடைப்பதில்லை?

பதில்: வீடியோ டேப் அன்று விலை அதிகம். அதனால் பிபிசி அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியது. வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகளையும் பின்னர் கழித்துக்கட்டினார்கள். அப்படி விற்ற பிரதிகளில் தப்பியவைதான் அவ்வப்போது சிக்குகின்றன. 2013-இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது திரும்பின. படம் போனாலும் ஒலி போகவில்லை. ரசிகர்கள் வீட்டில் டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்ததால் காணாமல்போன எல்லா எபிசோடுகளின் ஒலியும் இருக்கிறது. அதை வைத்துச் சிலவற்றை அனிமேஷனில் மீட்டிருக்கிறார்கள். பழைய கதைகளை நாளுக்கு ஓர் எபிசோடாகப் பாருங்கள். 25 நிமிடத் துண்டுகளாக, வாரம் ஒன்று வீதம் ஒளிபரப்ப எடுத்தவை அவை; ஒரு கதையின் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் பார்த்தால் இழுவையாகத் தெரியும்.

கேள்வி: இவ்வளவு நீண்ட இடைவெளி இதற்கு முன் உண்டா?

பதில்: 1989-இல் நிறுத்தியது 2005-இல்தான் தொடராகத் திரும்பியது. நடுவில் 1996-இல் ஒரே ஒரு டிவி படம்.